மாடு இருந்த பக்கத்தில் படகு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: தாளாளர், நாங்கள் எல்லோரும் பெரிய மிஸ் என்று கூப்பிடுகிற அவருடைய மனைவி, கட்டண மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு தாளாளரின் மைத்துனர், முதல் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், அவர்களைக் கூட்டிவந்த அப்பாக்கள் ஐந்து பேர், அம்மாக்கள் எட்டுப் பேர், ஒரு பிள்ளைக்குச் சித்தப்பா, அப்புறம் நான். மொத்தம் முப்பத்திரண்டு பேர். அந்தப் பதினான்கு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மதியத்துக்குள் அது ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்துபோனது. அந்த ஆள் நான்தான். தெரிந்தும் பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற மிஸ்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. இது ஒன்றுதான் இருக்கிறது. வேண்டாதவர்கள் மடித்து வைத்துவிடலாம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு சின்ன நர்சரி பிரைமரி பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தேன். பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, டிபன் டப்பா திறந்து கொடுப்பது, மூக்கைத் துடைப்பது, வகுப்பைப் பெருக்குவது. ஒரு வருஷம் நடுவிலேயே எல்.கே.ஜி. மிஸ்ஸுக்குக் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டார். "ஒரு வாரம் நீங்க பாத்துக்கங்க, வேற ஆளு வந்துரும்" என்றார் தாளாளர். அந்த ஒரு வாரம் பத்தொன்பது வருஷம் ஓடியது. எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு, மூன்றுக்கும் இங்கிலீஷ் நான்தான். ஆனால் பதிவேட்டில் கடைசி வரைக்கும் ஆயாதான். கல்வி அலுவலகத்திலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொள்வேன். யாராவது சர்டிபிகேட்டைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் காலையில் தலை சீவும்போதே ஆரம்பித்துவிடும். சாயங்காலம் கடைசி வேன் போனபிறகுதான் மூச்சு சீராகும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பயந்த ஆளிடம் பிள்ளைகள் மாட்டினால் என்ன ஆகும் என்று தெரியத்தான் சொல்கிறேன்.

கல்யாணமாகிப் போன அந்த மிஸ் கடைசி நாளில் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல, என் மேல் இரக்கப்பட்டுத்தான்.

"பெத்தவங்களுக்கு இங்லீஷ் தெரியாதுக்கா. ஆனா படிக்கிறது பாக்க எப்பிடி இருக்கும்னு தெரியும். வெரலு ஓடணும், வாயி நிக்கக் கூடாது, பக்கம் கரெக்டாத் திரும்பணும். அவ்ளோதான். இந்த மூணையும் சொல்லிக்குடுத்துட்டா ஒங்கள ஒரு பய ஒண்ணும் கேக்க மாட்டான்."

எங்கள் பள்ளியில் ரீடிங் டே என்று வருஷத்துக்கு ஒருநாள் வைப்பார்கள். மார்ச் மாதம், பரீட்சைக்கு முன்னால். பெற்றவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாடம் இங்கிலீஷ் வாசிக்கும். வாசித்து முடித்ததும் கைதட்டல். அப்பாவோ அம்மாவோ எழுந்து பக்கத்து மேசைக்குப் போய்க் கட்டணம் கட்டுவார்கள். வருஷம் பூராவும் இழுத்தடித்தவர்கள்கூட அன்றைக்குக் கட்டிவிடுவார்கள். பிள்ளை இங்கிலீஷ் பேசுவதைக் காதால் கேட்டபிறகு எந்த அப்பாவுக்குக் கை வராமல் போகும்? அதனால் அந்தப் பாடத்தை மூன்று மாதம் முன்னாலிருந்தே சொல்லிக்கொடுத்து மனப்பாடம் ஆக்கிவிடுவேன். வாய்க்கு ஏற்றபடி விரலை நகர்த்தவும் பழக்குவேன். முதல் வரிக்கு நாலு தொடல், இரண்டாம் வரிக்கு ஐந்து தொடல் என்று கணக்கு உண்டு. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

அந்த விளையாட்டில் நிவேதாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருதடவை சொன்னால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். எல்.கே.ஜி.யில் சேர்ந்ததிலிருந்து என்னிடம்தான். அவள் அப்பா முனிராஜ் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேனில் போய்வருகிறவர். காலையில் மகளை விடும்போது முனிராஜ் சட்டையெல்லாம் தக்காளிச் சாறாக இருக்கும். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "பாப்பா, மிஸ்ஸுக்கு குட் மார்னிங் சொல்லு" என்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறை. புத்தகத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொள்வாள். ரீடிங் டேயில் அப்படி உட்கார்ந்தால் முகம் தெரியாதே என்று எனக்கு எரிச்சல். "தள்ளி வெச்சுப் படி. ஆடு மேயற மாதிரி மோந்து பாக்காத" என்பேன். பிள்ளைகள் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளி வைப்பாள். மூன்று வருஷம் விடாமல் சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கத்தை மாற்றினேன். மாற்றிவிட்டேன் என்று பெருமையாகவும் இருந்தேன்.

அவள் முதல் வகுப்பு ரீடிங் டே அன்றைக்கு என்ன நடந்தது என்றால், எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பழுப்பு அட்டை. அவசரத்தில் நிவேதா கையில் அடுத்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அவள் பாடம் சிவப்புப் படகு. அவள் திறந்த பக்கத்தில் இருந்தது ஒரு மாடு. பக்கம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக, வாயில் புல்லோடு.

நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாடு என் கண்ணில் பட்டது. இப்போது "மிஸ், இது எம் புத்தகம் இல்ல" என்பாள், எல்லோர் முன்னாலும் மானம் போகும் என்று நினைத்தேன். அவள் புத்தகத்தைக் கை நீளத்துக்கு அழகாகப் பிடித்தாள். விரலை வைத்தாள்.

"மை போட் இஸ் ரெட். மை போட் இஸ் வெரி பிக். இட் கேன் கோ ஆன் த ரிவர்..."

விரல் மாட்டின் முதுகு மேலும் கொம்பு மேலும் கணக்குத் தப்பாமல் ஓடியது. சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைக்கும் படம் தெரியும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பிள்ளைகூட படத்தைப் பார்த்துத்தான் பாடத்தை எடுக்கும். மாடு இருக்கிற பக்கத்தில் ஒரு பிள்ளை படகு வாசிக்கிறது என்றால் அதற்கு மாடு தெரியவில்லை என்று அர்த்தம். இது எனக்கு அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இன்றைக்குச் சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் புரிந்தது.

முனிராஜ் கைபேசியில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார். "மிஸ், இன்னொருக்கா படிக்கச் சொல்லுங்களேன். என் மச்சான் ஓசூர்ல இருக்கான், அவனுக்கு அனுப்பணும். ஒம் பொண்ணுக்கு எங்கடா இங்லீஷ் வரப்போவுதுன்னு போன தீவாளிக்குக் கேட்டான்." கிட்ட வந்து, மகளும் புத்தகமும் நன்றாகத் தெரிகிற மாதிரி பிடித்தார். எனக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. புத்தகம் மாறிப்போச்சு என்று சொல்லி நிறுத்தலாம். நிறுத்தினால் சரியான புத்தகத்தைக் கொடுக்கவேண்டும், ஏன் மாட்டைப் பார்த்துப் படகு என்றாள் என்று யாராவது கேட்பார்கள், யார் சொல்லிக்கொடுத்தது என்பார்கள், அந்த மிஸ் என்ன படித்திருக்கிறார் என்பார்கள். கட்டண மேசையில் மைத்துனர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி சாமி" என்றேன்.

அவள் மறுபடியும் வாசித்தாள். முனிராஜ் எழுந்துபோய்க் கொஞ்சம் பணம் கட்டினார். மீதியை அடுத்த வாரம் மண்டியில் கூலி வந்ததும் தருகிறேன் என்றார்.

எல்லோரும் போனபிறகு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவளை நிறுத்தி, நாலடி தள்ளி நின்று ஒரு சாக்பீஸைக் காட்டினேன். "இது என்னா சொல்லு?"

அவள் முகத்தைச் சாய்த்துச் சிரித்தாள். "நீங்க சொல்லுங்க மிஸ், நான் திருப்பிச் சொல்றேன்."

அந்தக் கோடை விடுமுறை முழுக்க எனக்குத் தூக்கம் கிடையாது. கவலை பிள்ளையைப் பற்றி மட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் பாதிக் கவலை அந்த வீடியோவைப் பற்றி. ஓசூர் மச்சானுக்கு இங்கிலீஷ் தெரிந்தால்? யாராவது மாட்டைக் கவனித்தால்? ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் முனிராஜ் நம்பரா என்றுதான் முதலில் பார்ப்பேன். யாரும் கவனிக்கவில்லை. நாள் ஆக ஆக, யாரும் கவனிக்காததே எனக்கு ஒரு தைரியமாகிவிட்டது.

ஜூலையில் ஒருநாள் வேன் நிற்கிற இடத்தில் நிவேதாவின் அம்மாவைப் பார்த்தேன். பட்டும் படாமல் சொன்னேன். "பாப்பா கண்ண ஒருக்கா டாக்டருகிட்ட காட்டிருங்களேன்."

"வூட்டுலயும் டி.வி.ய ஒட்டித்தாங்க ஒக்காருது" என்றார் அவர். "ஆனா இந்த வயசுலயே கண்ணாடி மாட்டிவுட்டா நாளைக்கு எவனுங்க வந்து கட்டுவான்? பெருசானா சரியாப் போயிரும் வுடுங்க. இங்லீஷு அவ்ளோ நல்லாப் படிக்குது, கண்ணு தெரியாமயா படிக்கும்?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சொல்லியாகிவிட்டது, அவர்கள்தான் கேட்கவில்லை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். இளம் மிஸ்களே, உங்களுக்கு நான் எச்சரிக்க விரும்புவது அந்த அப்பாடாவைப் பற்றித்தான். உங்கள் தவறு வெளியே வராமல் ஒருநாள் கழிந்தால் மனசு லேசாகும் பாருங்கள், அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு பிள்ளைக்கு நஷ்டம் ஏறிக்கொண்டிருக்கும்.

ஜனவரியில் வேன் படி தெரியாமல் நிவேதா விழுந்தாள். மோவாயில் இரண்டு தையல். தையல் போட்ட டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார். பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை.

பதினோராம் நாள் முனிராஜ் பள்ளிக்கூடத்து ஆபீஸுக்கு வந்தார். தாளாளரும் மைத்துனரும் உள்ளே இருந்தார்கள். நான் டீ கொண்டுபோனேன். முனிராஜ் உட்காரவில்லை. பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பழைய பாக்கிங்க. மூணு வாரம் லீவு வேணும், பாப்பா சீட்டு போயிறக் கூடாதுன்னு மொதல்ல இதக் கட்டிடறேன்."

"என்னாச்சு முனிராஜு?" என்றார் தாளாளர்.

"ரெண்டு கண்ணுலயும் பார்வ ரொம்பக் கம்மின்னு சொல்றாங்க சார். தருமபுரியில கண் டாக்டரு கேட்டாரு, பொறந்ததுல இருந்தே இப்பிடியா, இல்ல இப்பத்தானான்னு. நான் வீடியோவக் காட்டுனேன். போன வருசம் எவ்ளோ கடகடன்னு படிச்சிருக்குது பாருங்க டாக்டருன்னேன். அவரு பயந்துட்டாரு. ஒரே வருசத்துல இவ்ளோ எறங்குனா தலையில ஏதாச்சும் இருக்கும்னு ஸ்கேனு எடுக்கச் சொன்னாரு. மயக்க ஊசி போட்டு எடுத்தாங்க. அதுல ஒண்ணும் இல்ல. அப்ப நரம்பா இருக்கும், பெங்களூரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி முதுகுத்தண்டுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்துப் பாக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. திங்கக்கெழம போறோம். வண்டிய வித்துட்டேன்."

அந்தப் பிள்ளைக்குத் தலையில் ஒன்றும் இல்லை, நரம்பில் ஒன்றும் இல்லை. போன வருஷம் படித்தாள் என்பதுதான் பொய். அந்தப் பொய்யை நம்பி அவளுக்கு மயக்க ஊசி போட்டிருக்கிறார்கள், இனி முதுகில் குத்தப்போகிறார்கள்.

"நிவேதாப்பா" என்றேன்.

தாளாளர் என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்துகொண்டார். "நீங்க போயி கிளாஸப் பாருங்க" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருஷம் அந்தக் குரலுக்கு ஒருநாளும் எதிர்ப் பேச்சுப் பேசியதில்லை.

தட்டை மேசைமேல் வைத்தேன். "அந்த வீடியோவக் கொஞ்சம் போடுங்க" என்று முனிராஜிடம் சொன்னேன்.

அவர் போட்டார். போன் கண்ணாடி கீறல் விழுந்து கிடந்தது. அவள் குரல் வந்தது. மை போட் இஸ் ரெட்.

"புத்தகத்துல படத்தப் பாருங்க. என்னா இருக்குது?"

"மாடுங்க."

"பாப்பா படகுன்னு சொல்லுது. செவப்புப் படகு, ஆத்துல போவுதுன்னு சொல்லுது. நான் புத்தகத்த மாத்திக் குடுத்துட்டேன். அது பாக்கவே இல்ல. அதுக்குத் தெரியல. அது ஒருநாளும் படிக்கல நிவேதாப்பா. நான் சொல்லிக்குடுத்தத மனப்பாடமா ஒப்பிச்சுது. எல்.கே.ஜி.யில இருந்தே புத்தகத்த மூக்குலதான் வெச்சுக்கும். நாந்தான் தள்ளி வெய்யின்னு மெரட்டினேன்."

அவர் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். முழுக்கப் பார்த்தார்.

"இத நான் நூறு தடவ பாத்திருப்பேன் மிஸ்" என்றார். "மண்டியில அத்தன பேருக்கும் காட்டியிருக்கேன். மாடு எனக்கும் தெரிஞ்சுதுங்க. இங்லீஷுல மாட்டப் பத்தி ஏதோ படிக்குதுன்னு நெனச்சேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார். "ஒங்களுக்கு எப்பங்க தெரியும்?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்ல வாய் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், வந்தது.

"அன்னிக்கே."

அவர் விரலை மடக்கி எண்ணினார். ஏப்ரல், மே, ஜூன் என்று வாய் அசைந்தது. பத்தில் நிறுத்தினார். என்னைத் திட்டுவார், கை ஓங்குவார் என்று நின்றேன். அவர் மேசைமேல் இருந்த நோட்டுகளை எடுத்து, எண்ணாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இது எதுக்குங்க சார் ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார் முனிராஜ். மைத்துனர் பேனாவை மூடிவிட்டார்.

வாசலில் நின்று என்னிடம் கேட்டார். "இத டாக்டருகிட்டச் சொல்லணுங்களா?"

"சொல்லணும். நானும் வரேன். நான் சொன்னாத்தான் நம்புவாரு."

மறுநாள் பஸ்ஸில் தருமபுரி போனோம். முனிராஜ் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நிவேதா என் பக்கத்தில் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாள். மோவாயில் பிளாஸ்திரி. பாலக்கோடு தாண்டியதும் என் தொடைமேல் விரலை வைத்து, "மிஸ், நான் மறக்கல" என்று படகுப் பாடத்தை ஆரம்பித்தாள். நாலு தொடல், ஐந்து தொடல். எங்கேயும் தப்பவில்லை. முடித்ததும், "குட் கேர்ள் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். முன் சீட்டில் அவள் அப்பாவின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். பெங்களூருக்கு எழுதிக் கொடுத்திருந்த சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். பிறவியிலேயே பவர் அதிகம், அதிலும் இடது கண்ணில் மிக அதிகம் என்றார். "மூணு நாலு வயசுல கண்ணாடி போட்டிருந்தா மூளை பாக்கப் பழகியிருக்கும்மா. வலது கண்ணு இனிமேலும் ஓரளவு தேறும். இடது கண்ணு தேறும்னு என்னால சொல்ல முடியல. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தாகூட முயற்சி பண்ண இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருக்கும்." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மூன்றரை வயதில் அவளை என் மடியில் உட்காரவைத்து ஏ, பி, சி சொல்லிக்கொடுத்தது எனக்கு மட்டும் தெரியும்.

தாளாளர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் விஷயம் வெளியே போகும் என்று பயந்திருக்கலாம். ஆனால் வகுப்பு கிடையாது, பழையபடி ஆயா வேலைதான். நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. ரீடிங் டே மட்டும் நிற்கவில்லை. இன்னமும் நடக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பிள்ளை புத்தகத்தைக் கிட்ட வைத்தால் அதை ஒழுங்கு பண்ணாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்காத பக்கத்தைத் திறந்து கொடுங்கள். அது திக்கட்டும், தப்புச் சொல்லட்டும், அப்பா முகம் சுருங்கினால் சுருங்கட்டும். பளிச்சென்று வாசிக்கிற பிள்ளையைக் கண்டால்தான் எனக்கு இப்போது பயம். அப்புறம், உங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டம். பத்து மாதம் கழித்துச் சொன்னவள் சொல்கிறேன்.

நிவேதா இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறாள். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காருகிறாள். பெரிய எழுத்தாக இருந்தால் வலது கண்ணால் கூட்டிக் கூட்டி வாசிக்கிறாள். இடது கண் அப்படியேதான் இருக்கிறது.

வேலையை விட்டு நின்ற மாதம் நான் மண்டிக்குப் போனேன். என் கடைசிச் சம்பளத்தில் அந்த முதல் வகுப்புப் பாக்கியை நானே கட்டிவிடுகிறேன், ரசீதுப் புத்தகத்தில் பிள்ளை பெயருக்கு நேரே அது வேண்டாமே என்று முனிராஜிடம் சொன்னேன். அவர் தோளிலிருந்து தக்காளிப் பெட்டியை இறக்கி வைத்தார். கோபம் இல்லை. களைத்த முகம்தான்.

"வேணாங்க. நீங்க கட்டுனா அவ அங்க படிச்ச மாதிரி ஆயிரும்."

அதனால் நான் கட்டவில்லை. அவரும் கட்டவில்லை. தாளாளரும் தள்ளுபடி செய்யவில்லை. நிவேதா, தகப்பனார் முனிராஜ், முதல் வகுப்பு, பாக்கி ரூபாய் இரண்டாயிரத்து ஐந்நூறு.